பனிக்குற்றாலத்து மணிக்கயிறு

தென்காசியில் நான் பேப்பர் படிக்கப் போய் உட்காரும் ஸ்டூடியோவில், அதை நடத்தும் தம்பி போன வாரம் ஒரு வித்தை காட்டினார். புதிதாகக் கல்யாணமான ஜோடியைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுத்தார். கம்ப்யூட்டரில் சுவரை அழித்தார். பின்னால் ஒரு பனிமலையையும் ஏரியையும் கொண்டுவந்து வைத்தார். ஜோடி சுவிட்சர்லாந்து போய்ச் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் கையில் இருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலம் மட்டும் தென்காசியிலேயே இருந்தது.

“உங்க காலத்துல இதுக்கெல்லாம் வழி ஏது தாத்தா?” என்றார் தம்பி.

வழி ஏதாம்! எனக்கு வந்ததே கோபம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் குற்றாலத்துக்குக் குளிக்க வந்தவர்களில் பாதிப்பேரைப் பனிமலைக்கு அனுப்பிவைத்தவர்கள் நாங்கள். அதுவும் கரண்ட்டைக் கூட எதிர்பார்க்காமல், சூரிய வெளிச்சத்தில் அனுப்பினோம். அந்தக் கதையைச் சொல்லாவிட்டால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது என்று தோன்றியது. சொன்னேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

பேரருவிக்குப் போகும் வழியில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. பெயர்ப்பலகையில் எழுத்து இருக்காது. ஒவ்வொரு சீசனுக்கும் எழுதுவோம், ஒவ்வொரு சீசனிலும் சாரல் அதைக் கழுவிவிடும். முதலாளி பரமசிவம் அண்ணாச்சி. நான் தென்காசியிலிருந்து சைக்கிளில் வந்து போகிற ஆள். முதல் வருடம் கண்ணாடி நெகடிவ் தட்டு கழுவினேன், அடுத்த வருடம் இருட்டறைக்குள் நுழைந்தேன், அதற்கடுத்த வருடம் டச்சிங் பென்சிலைக் கையில் பிடித்தேன். நெகடிவில் பென்சில் வைத்தால் அம்மைத் தழும்பு மறையும், கண்ணுக்குக் கீழே கருப்பு போகும். குற்றாலத்தில் ஒரு பெண்ணைக்கூட நான் அழகில்லாமல் ஊருக்கு அனுப்பியதில்லை.

கூப்பிடு தூரத்தில் நிஜ அருவி இருக்கும்போது ஸ்டூடியோவுக்கு யார் வருவார்கள் என்று கேட்கலாம். அருவிக்கரையில் சாரல் லென்ஸில் அப்பிக்கொள்ளும். மரக் கேமரா ஈரத்தில் ஊதிவிடும். அது போகட்டும், எண்ணெய் தேய்த்துக் கோவணத்தோடு நிற்கிற மனிதர் எவரும் அந்தக் கோலத்தை வீட்டுச் சுவரில் மாட்ட விரும்புவதில்லை. குளித்து, தலை துவட்டி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குப் பின்னால் ஏதாவது ஒரு காட்சி வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படுதா.

அது ஒரு நாடகக் கம்பெனியின் படுதா. தென்காசியில் கொட்டகை போட்டு, மழையில் ஆள் வராமல் கிளம்பிப் போனவர்கள், நனைந்து கனத்துப்போன அதைச் சுமக்க மனமில்லாமல் அண்ணாச்சியிடம் விட்டுப் போனார்கள். கைலாசக் காட்சிக்காக எழுதியதாம். எழுதிய ஓவியர் கைலாசத்தைப் பார்த்தவரில்லை. ஒரு பிஸ்கட் தகரத்தின் மூடியைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆகவே எங்கள் கைலாசத்தில் பனிமலைகள் இருந்தன, நடுவே பள்ளத்தாக்கு இருந்தது, நீல ஏரி இருந்தது, சாய்ந்த கூரை போட்ட மரவீடுகள் இருந்தன, ஊசியாக ஒரு மாதாகோயில் கோபுரமும் இருந்தது. நாடகத்தில் சிவனாக வருகிறவர் சரியாக அந்தக் கோபுரத்தை மறைத்து நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவருக்கு உடம்பு சரியில்லாமல் ஒல்லியான ஒருவர் வேஷம் கட்டிய அன்றைக்கு, அவருக்கு இரண்டு பக்கமும் மாதாகோயில் தெரிந்து ஜனங்கள் விசிலடித்தார்களாம்.

அண்ணாச்சி அந்த ஊருக்குப் பனிக்குற்றாலம் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்ததோடு விடவில்லை. வரலாறும் உண்டாக்கினார்.

அண்ணாச்சி படம் எடுக்கும் முறையை நான் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவருக்குப் பிறகு அப்படி எடுத்தவரை நான் பார்க்கவில்லை. ‘சிரிங்க’ என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். சொன்னால் மனிதர்கள் பல்லைக் காட்டுவார்கள், சிரிக்க மாட்டார்கள் என்பார். ஆளை உட்காரவைத்துவிட்டுக் கேமராவின் கருப்புத் துணிக்குள் தலையை விடுவார். துணிக்குள்ளிருந்து குரல் வரும்.

“பின்னால இருக்க ஊரு எதுன்னு தெரியுமாவே? பனிக்குத்தாலம். ஒரு ராசா, நல்ல குண்டு ராசா, வேட்டைக்குப் போனான். மூச்சு வாங்குது. இதுக்கு மேல என்னால ஏற முடியாதுன்னு உக்காந்துட்டான். உக்காந்த எடத்துலயே ஊரக் கட்டுங்கலேன்னுட்டான். அப்படி உண்டான ஊரு.”

இதற்குள் ஆளின் தோள் இறங்கியிருக்கும். குரல் தொடரும். “அங்கன மார்கழியிலதான் சீசன். நமக்குத் தண்ணி விழுது, அவனுக்கு ஐசு விழுது. அந்த ஏரியில கையத் தட்டினா மீனு தலையத் தூக்கிப் பாக்கும். ஒரே ஒரு கொறைதான். அந்த ஊருல கொரங்கு கெடையாது. நம்ம ஊருலேருந்து நாலு அனுப்பலாம்னு இருக்கேன்.”

துணியை விட்டு வெளியே வருவார். தட்டைச் செருகுவார். ஆளின் முகத்தைப் பார்த்து, “இங்கன எண்ணெய் தேச்சு நிக்கோம்லா, அங்கன வெண்ணெய் தேச்சு ஐசுக்கடியில நிப்பான். ஒறைஞ்சு போயிருவான். மத்தியானம் வெயில்ல உருக்கி எடுப்பாவ” என்பார். இந்த இடத்தில் எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியும் சிரித்துவிடும். அண்ணாச்சி அப்போது லென்ஸ் மூடியைத் திறக்க மாட்டார். சிரிக்கிற முகம் ஆடும், படத்தில் கலங்கும். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, “சாயங்காலம் அந்தக் கோபுரத்துல மணி அடிக்கும். மணிச் சத்தம் கேட்டா மலையில எங்கன மேஞ்ச பசுவும் தானா வீட்டுக்கு வந்துரும்” என்பார். அந்த வரியில் முகம் ஒரு மாதிரி சாந்தமாகும். சிரித்த சூடு கண்ணில் இருக்கும், உதடு மூடியிருக்கும். அப்போது மூடியைக் கழற்றி, மூன்று எண்ணி, மூடுவார். மந்திரிகள் முதல் மாட்டுத் தரகர்கள் வரை எல்லாருக்கும் அதே ராசா, அதே வெண்ணெய், அதே மணி. ஒரு சொல் மாறாது.

செங்கோட்டை நம் ராஜ்யத்தோடு சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். சீசன் முடிகிற நேரத்தில், ஆரியங்காவுப் பக்கமிருந்து வந்த மர லாரியிலிருந்து ஓர் இளைஞன் இறங்கி வந்தான். சங்கரபாண்டி என்று பெயர். சொந்த ஊர் சுரண்டை. கப்பலில் வேலை பார்த்துச் சீமைக்குப் போகிறேன் என்று கிளம்பியவன். தெருவே திரண்டு மாலை போட்டு, மேளம் வைத்து பஸ் ஏற்றியிருக்கிறது. கொச்சியில் அவனைக் கப்பலுக்குப் படகில் கூட்டிப் போனார்கள். கப்பலைத் தொடுவதற்குள் படகிலேயே குடல் வெளியே வருமளவுக்கு வாந்தி. கரையிலேயே இறக்கிவிட்டு, நீ போய்க் காட்டில் வேலை பாரு என்றார்கள். அவன் அதை அப்படியே கேட்டுக்கொண்டு ஆரியங்காவில் ஒரு மரக்கிட்டங்கியில் சேர்ந்துவிட்டான். அங்கிருந்து அவன் வீட்டுக்கு ஒரு பொழுதில் வந்துவிடலாம். போட்ட மாலையும் அடித்த மேளமும் அவனை வரவிடவில்லை. இரண்டு வருடமாகத் தாய் முகம் பார்க்கவில்லை.

“அண்ணாச்சி, நான் சீமையில நிக்க மாதிரி ஒரு படம் வேணும். அம்மைக்கு அனுப்பணும்,” என்றான். “யாருகிட்டயும் சொல்லிராதிய.”

அண்ணாச்சி வாக்குக் கொடுத்தார். ஸ்டூடியோவின் கோட்டு அவனுக்கு மாட்டினோம். எல்லா அளவு மனிதர்களுக்கும் எங்களிடம் ஒரே கோட்டுதான். முன்னால் பொருந்தும்படி முதுகில் துணிக் கிளிப் போட்டு இறுக்குவோம். பூட்ஸ் கிடையாது, ஆகவே முழங்காலோடு வெட்டி எடுப்பது வழக்கம். அண்ணாச்சி ராசா கதையைச் சொன்னார். அவன் சிரித்தான். மணி வரியில் அவன் முகம் சாந்தமாவதற்குப் பதில் உடைந்துபோயிற்று. அண்ணாச்சி கொஞ்சம் காத்திருந்து எடுத்தார்.

கடிதத்தில் சீமையைப் பற்றி என்ன எழுதுவதென்று அவனுக்குத் தெரியவில்லை. அண்ணாச்சியின் கதையையே இன்னொருமுறை சொல்லச் சொல்லி, எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து, ராசா முதல் மணி வரை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டான். படத்தையும் கடிதத்தையும் லாரிக்காரரிடம் கொடுத்துக் கொச்சியில் தபாலில் போடச் சொல்வது அவன் திட்டம். கப்பல்காரர் யாரோ கொண்டுவந்து போட்டதாக ஊர் நினைத்துக்கொள்ளும்.

அவன் படம் வாங்க வந்த அன்றுதான் நான் அதைப் பார்த்தேன். எங்கள் ஸ்டூடியோவின் பின்கட்டில் பாதிக்குக் கூரை கிடையாது. வெளிச்சத்துக்காகத் திறந்திருக்கும். படுதா தொங்கும் மூங்கில்மேல் குரங்குகள் வந்து உட்காருவது உண்டு. சங்கரபாண்டியின் படத்தில், மாதாகோயில் கோபுரத்துக்குப் பக்கத்தில், பனிமலை வானத்திலிருந்து ஒரு வால் தொங்கியது. நுனியில் லேசான சுருட்டை வேறு.

“அண்ணாச்சி, வாலு!” என்றேன். “நெகடிவக் குடுங்க, பென்சில் வச்சு மறைச்சிருதேன்.”

வெளியே லாரிக்காரர் ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி படத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். “வாலுன்னு நீ சொன்னாத்தான் வாலு. கோயிலுக்குப் பக்கத்துல தொங்குதுல்லா? மணிக்கயிறுன்னு நெனச்சுக்கிடுவாவ,” என்று உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார். படம் சீமைக்குப் போகாமலே, சீமையிலிருந்து வந்ததாகச் சுரண்டைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அடுத்த சீசனில், சாரல் கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில், ஓர் அம்மாள் ஸ்டூடியோ படியேறி வந்தார்கள். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். குளித்த தலையை நுனிமுடிச்சாகப் போட்டிருந்தார்கள். இடுப்பில் துணிமூட்டை. நேரே பின்கட்டுக்குப் போய்ப் படுதாவின் முன்னால் நின்றார்கள். மலையைப் பார்த்தார்கள், ஏரியைப் பார்த்தார்கள், அண்ணாந்து மூங்கிலைப் பார்த்தார்கள்.

“இது எந்த ஊருங்க?”

அண்ணாச்சிக்கு வாய் சும்மா இருக்காதே. படுதாவுக்கு முன்னால் ஒரு ஆள் நின்றால் அவருக்குக் கதை தானாக வந்துவிடும். “இதுவா ஆச்சி, பனிக்குத்தாலம். ஒரு ராசா, நல்ல குண்டு ராசா...”

“வேட்டைக்குப் போனான். மூச்சு வாங்கி உக்காந்துட்டான்,” என்றார்கள் அந்த அம்மாள்.

அண்ணாச்சி திகைத்துப் போனார். அந்த அம்மாள் விடவில்லை. “கையத் தட்டினா மீனு பாக்கும். வெண்ணெய் தேச்சு ஐசுல நிப்பாவ. மணி அடிச்சா பசு வீட்டுக்கு வரும். எல்லாம் சரிதான். கொரங்கு கெடையாதுன்னு எழுதியிருந்தானே, கொரங்கே இல்லாத ஊருல இந்த வாலு எங்கேருந்துங்க வந்துது?”

மூட்டையை அவிழ்த்து எங்கள் படத்தை எடுத்து நீட்டினார்கள். எனக்கு அந்த இடத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாமல் இருட்டறைக்குள் ஓடிப் போய்த் துண்டை வாயில் வைத்துக்கொண்டேன். திரும்பி வந்தபோது அண்ணாச்சி நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாளின் கண்கள் நிறைந்திருந்தன. எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

“வருசாவருசம் குத்தாலத்துக்குக் குளிக்க வாரவ நான். கையில இருக்க கடலைய எத்தன தடவ பிடுங்கியிருக்கும். அந்த வாலு எனக்குத் தெரியாதா?” என்றார்கள். “கடுதாசியப் பக்கத்து வீட்டு வாத்தியார் வாசிச்சாரு. தெருவே கேட்டுட்டு இருக்கு. நான் வாயத் தொறக்கல. தண்ணி விழட்டும், குளிக்கப் போற மாதிரிப் போய்ப் பாப்போம்னு இருந்தேன். ரெண்டு ஸ்டூடியோ ஏறி எறங்கிட்டு வாரேன்.”

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். “ஆச்சி, எங்கன இருக்கான்னு மட்டும் எங்கிட்ட கேக்காதிய. வாக்குக் குடுத்திருக்கேன்.”

“கேக்க மாட்டேன். உசுரோட இருக்கான்லா, அது போதும். கூப்பிடு தூரத்துலதான் இருக்கான்னு இந்த வாலு சொல்லிட்டு. நான் போயி அவனக் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தா அவன் மொகத்த எங்க கொண்டுபோயி வைப்பான்? அவனா வரணும்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். “அவன் நின்ன எடத்துலயே என்னையும் நிக்க வச்சு ஒரு படம் எடுங்க. அவனுக்கு அனுப்புங்க.”

அண்ணாச்சி உடனே துணிக்குள் தலையை விட்டார். உள்ளே போனவர் பேசவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரே கதையை அந்த அம்மாள் சொல்லி முடித்துவிட்டார்களே! எத்தனையோ வருடங்களில் முதல்முறையாகத் துணிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அந்த அம்மாளின் முகமோ கல்லாக இருந்தது. அந்த முகத்தை அனுப்பினால் பையன் ஆரியங்காவைத் தாண்டி இன்னும் தூரமாக ஓடிவிடுவான் என்று எனக்கே பயம் வந்தது. மேகம் வேறு மூடிக்கொண்டு வந்தது. வெளிச்சம் போனால் அன்றைக்குப் படமே கிடையாது.

“வாலும் வரணும்,” என்றார்கள் அந்த அம்மாள்.

அண்ணாச்சி துணியை விட்டு வெளியே வந்தார். “என்ன ஆச்சி?”

“அந்த வாலு இருந்தாத்தான் அவனுக்கு வெளங்கும், எனக்கு எல்லாம் தெரிஞ்சுட்டுன்னு. இல்லன்னா நானும் ஏதோ போட்டோ எடுத்திருக்கேன்னு போயிருவான்.”

என் வேலை வாழ்க்கையிலேயே மிகக் கஷ்டமான வேலை அதுதான். ஒரு குரங்கைக் கூப்பிட்டு, குறிப்பிட்ட மூங்கிலில், குறிப்பிட்ட இடத்தில், வாலை முன்பக்கம் தொங்கவிட்டு உட்காரச் சொல்ல வேண்டும். வேண்டாத நாளெல்லாம் கூட்டமாக வந்து இருட்டறைக் கதவைத் தட்டுகிறவை, அன்றைக்கு ஒன்றுகூட இல்லை. கடலை வாங்கி வந்து படுதாவின் பின்னால் ஏணி வைத்து ஏறி, கோபுரத்துக்கு நேரே மூங்கிலில் வரிசையாக வைத்தேன். ஒன்று வந்தது. கோபுரத்துக்கு வராமல் ஏரியின் மேலே உட்கார்ந்து, கடலையை எட்டிப் பொறுக்கித் தின்றுவிட்டுப் போய்விட்டது. மறுபடி வைத்தேன். இரண்டு வந்து சண்டை போட்டதில் பனிமலை முழுக்க ஆடியது.

மூன்றாவது முறை ஒரு தடியன் வந்தான். நிதானமாகச் சரியான இடத்தில் உட்கார்ந்தான். ஆனால் திரும்பி உட்கார்ந்தான். வால் எங்கள் பக்கம் வரவில்லை, முகம்தான் வந்தது. பனிமலைக்கு மேலே இரண்டு கையையும் ஊன்றி, கன்னம் நிறையக் கடலையை அடக்கிக்கொண்டு, தன் ஊரைப் பார்வையிடுகிற குண்டு ராசா மாதிரி கீழே குனிந்து பார்த்தான்.

அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தார்கள். “ஏ, வாலக் கேட்டா மொகரயக் காட்டுதியே!” என்றார்கள். கல் உடைந்துவிட்டது. வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மூன்று வருடத்துச் சிரிப்பு அது. கண்ணீரும் கூடவே வந்தது.

அண்ணாச்சி சிரிப்பு அடங்கக் காத்திருக்கவில்லை. தன் சட்டத்தைத் தானே மீறி மூடியைக் கழற்றிவிட்டார்.

படத்தின் பின்னால் என்ன எழுத வேண்டும் என்று கேட்டேன். அந்த அம்மாள் யோசிக்கவே இல்லை. “எழுதுங்க. ஏலே சங்கரபாண்டி, மணி அடிச்சாச்சு. வீட்டுக்கு வா.”

மர லாரியில் கொடுத்துவிட்டோம். அதே வாரத்தில், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், தகரப்பெட்டியும் கையுமாக அவன் ஸ்டூடியோவுக்குள் வந்து நின்றான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சட்டைக்குள்ளிருந்து படத்தை எடுத்தான். அது மட்டும் நனையவில்லை. அண்ணாச்சியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

“உள்ளதச் சொல்லுங்க. எங்கம்மை சிரிக்காளே, இது நெசமா? இல்ல, நீங்க டச்சிங் பண்ணுனதா?”

“பென்சிலக் கிட்ட கொண்டே போகலவே,” என்றேன். “கொரங்கு மேல சத்தியம்.”

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. நாங்கள் இரண்டு பேரும் வேலை இருப்பதுபோல ஆளுக்கொரு பக்கம் போய் எதையோ துடைத்துக்கொண்டிருந்தோம். அவன் பெட்டியை எடுத்துப் படியிறங்கும்போது அண்ணாச்சி கூப்பிட்டார்.

“ஏலே, சீமையிலேருந்து வாரவன் வெறுங்கையோடயா வீட்டுக்குப் போவான்?” எதிர்க்கடையில் ஒரு கூடை மங்குஸ்தான் பழம் வாங்கி அவன் கையில் திணித்தார். மழைக்குள் அவன் சுரண்டை பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

மறுவருடம் சீசனுக்குத் தாயும் மகனும் சேர்ந்து வந்தார்கள். தெருவில் மூன்று பேர் சேர்ந்து மரக்கடை வைத்து, அவனையும் சேர்த்துக்கொண்டிருந்தார்களாம். இவன் ஊருக்கு வந்த அன்றைக்கு என்ன நடந்தது ஆச்சி என்று அண்ணாச்சி கேட்டார்.

“என்ன நடக்கும்? பஸ்ஸ விட்டு எறங்கினான், தெருவே கூடிட்டு. நான் கூடைய வாங்கி, எம்மகன் சீமையிலேருந்து கொண்டாந்த பழம், எல்லாரும் எடுத்துக்கிடுங்கன்னு வீடு வீடாக் குடுத்தேன்.”

“சுரண்டையில மங்குஸ்தான் பாக்காதவன் யாரு ஆச்சி? வருசாவருசம் இங்க வந்து வாங்கித் திங்கிற பழமாச்சே!”

“எல்லாரும் பாத்ததுதான். வாங்கினாவ, உரிச்சாவ, தின்னாவ. வாத்தியாரு மட்டும், சீமைப் பழம்னா தனி ருசிதான்னுட்டு இன்னொண்ணு கேட்டாரு. வேற ஒருத்தரும் ஒரு வார்த்த சொல்லல.”